பெயர் வேறு, ஆப்ஜெக்ட் வேறு: பைத்தானை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பைத்தான் மொழியின் ஷெல்லை, அதாவது ஒவ்வொரு வரியாக அடித்து உடனே விடை பார்க்கும் சாளரத்தை, திறந்து இந்த வரிகளை அடித்துப் பாருங்கள்.

```
>>> மதிப்பெண் = [72, 85, 90]
>>> நகல் = மதிப்பெண்
>>> நகல்[0] = 100
>>> மதிப்பெண்
[100, 85, 90]
```

கை வைத்தது நகலில். மாறியிருப்பது மதிப்பெண். பைத்தான் மேல் குற்றமில்லை. இரண்டாவது வரியில் 'நகல்' என்று பெயர் வைத்தோமே தவிர, எதையும் நகல் எடுக்கவில்லை.

ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் கற்கிறவர்கள் கிளாஸ் (ஆப்ஜெக்டுகளை உருவாக்கும் அச்சு), இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்ஃபிசம் என்று வேகமாகப் போய்விடுகிறார்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது பெயருக்கும் ஆப்ஜெக்டுக்கும் உள்ள உறவு. அதைப் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள்: "மாறி என்பது ஒரு டப்பா, அதற்குள் மதிப்பு இருக்கும்." சி மொழியில் ஒரு முழு எண்ணுக்கு இது பொருந்தும். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், ரூபி போன்ற மொழிகளின் ஆப்ஜெக்டுகளுக்குப் பொருந்தாது. மேலே பார்த்த நான்கு வரிகளையே டப்பாவை வைத்து விளக்க முடியாது. இரண்டு டப்பா இருந்தால் ஒன்றில் கை வைக்கும்போது இன்னொன்று ஏன் மாற வேண்டும்? புதியவர்கள் மணிக்கணக்கில் தேடும் பிழைகளில் ஒரு பெரும் பகுதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. அதனால் இதை அவசரப்படாமல், ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0 முதல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கீழே உள்ள வரிகளை அப்படியே அடித்து ஓட்டலாம். தொடக்கத்தில் உள்ள `>>>` மட்டும் ஷெல் தானாகக் காட்டுவது, அதை அடிக்க வேண்டாம். (கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்த்து அடித்த 'கொ', ஒரே குறியாக அடித்த 'கொ' இரண்டும் பைத்தானுக்கு ஒரே பெயர்தான். எல்லாப் பெயர்களையும் அது யூனிகோடின் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும்.)

## படி 1: தாளை இரண்டாகப் பிரியுங்கள்

ஒரு தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் பெயர்கள். வலப்பக்கம் ஆப்ஜெக்டுகள், அதாவது நினைவகத்தில் இருக்கும் எண், சரம் (எழுத்துகளின் தொடர்), லிஸ்ட் போன்றவை. பெயரிலிருந்து ஆப்ஜெக்டுக்கு ஓர் அம்பு. இந்த வழிகாட்டி முழுக்க நமக்குத் தேவையான கருவி இவ்வளவுதான்.

வலப்பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் மூன்று விஷயங்கள் உண்டு. ஒன்று, அடையாளம்: பிறந்ததிலிருந்து சாகும்வரை மாறாதது. இரண்டு, வகை: எண்ணா, சரமா, லிஸ்டா, நீங்கள் எழுதிய கிளாஸா. மூன்று, உள்ளே இருக்கும் மதிப்பு. இடப்பக்கத்தில் இருக்கும் பெயருக்கு இந்த மூன்றில் எதுவும் கிடையாது. அதனிடம் இருப்பது அம்பு மட்டுமே.

பைத்தானில் `அ = 5` என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் `அ = "ஐந்து"` என்று எழுத முடிவது இதனால்தான். எண் சரமாக மாறவில்லை. அம்பின் முனை வேறு ஆப்ஜெக்டுக்குப் போனது, அவ்வளவே. வகை ஆப்ஜெக்டோடு ஒட்டியது, பெயரோடு ஒட்டியதல்ல.

## படி 2: சமக்குறியை இரண்டு கட்டமாகப் படியுங்கள்

`=` வரும் ஒவ்வொரு வரியையும் வலமிருந்து இடமாகப் படிக்கப் பழகுங்கள். முதலில் வலப்பக்கத்தைக் கணக்கிட்டு ஓர் ஆப்ஜெக்டைப் பிடிக்க வேண்டும். அது புதிதாகப் பிறந்ததாக இருக்கலாம், ஏற்கெனவே இருந்ததாகவும் இருக்கலாம். பிறகு இடப்பக்கப் பெயரின் அம்பை அந்த ஆப்ஜெக்டுக்கு இழுக்க வேண்டும். பழைய அம்பு இருந்தால் அழித்துவிடுங்கள்.

இதில் நகல் எடுக்கும் கட்டம் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். `நகல் = மதிப்பெண்` என்ற வரியில் வலப்பக்கத்தைக் கணக்கிட்டால் கிடைப்பது ஏற்கெனவே இருக்கும் அதே லிஸ்ட். நகல் என்ற பெயரின் அம்பும் அங்கேயே போய் நிற்கிறது. இப்போது தாளில் இரண்டு பெயர், ஒரு லிஸ்ட்.

மனதில் நிறுத்த வேண்டிய விதி இது: இடப்பக்கத்தில் வெறும் பெயர் மட்டும் இருந்தால், அந்தச் சமக்குறி எந்த ஆப்ஜெக்டையும் மாற்றாது. அது தொடுவது அம்பை மட்டும். மீதி எல்லாமே இந்த விதியிலிருந்து வருவதுதான்.

```
>>> அ = 5
>>> ஆ = அ
>>> ஆ = ஆ + 1
>>> அ
5
```

மூன்றாவது வரியின் வலப்பக்கம் 6 என்ற இன்னோர் ஆப்ஜெக்டைத் தருகிறது. ஆ-வின் அம்பு அங்கே நகர்கிறது. அ-வை யாரும் தொடவில்லை, அது 5-லேயே நிற்கிறது. இரண்டு மாறிகளின் மதிப்பை இடம் மாற்ற பைத்தானில் `அ, ஆ = ஆ, அ` என்று ஒரே வரி போதும்; காரணமும் இதுதான். வலப்பக்கம் இரண்டு ஆப்ஜெக்டையும் முதலில் பிடித்து வைத்துக்கொள்கிறது, அப்புறம்தான் அம்புகள் நகர்கின்றன.

## படி 3: அம்பை நகர்த்துவதா, ஆப்ஜெக்டை மாற்றுவதா

இந்தப் படியில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். முதல் உதாரணத்தின் `நகல்[0] = 100` என்ற வரியிலும் ஒரு சமக்குறி இருக்கிறது. ஆனால் இடப்பக்கம் வெறும் பெயர் இல்லை. பெயருக்குப் பின்னால் சதுர அடைப்பு இருக்கிறது. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் வேலை முற்றிலும் வேறு. "நகல் என்ற அம்பு காட்டும் ஆப்ஜெக்டைத் தேடிப் போ, அதன் 0-ஆம் இடத்தை மாற்று" என்று அந்த லிஸ்டிடமே கேட்கிறோம். நகல் என்ற பெயரின் அம்பு இம்மியும் அசையவில்லை. மாறியது லிஸ்ட். அதே லிஸ்டைக் காட்டும் வேறெந்தப் பெயர் வழியாகப் பார்த்தாலும் அந்த மாற்றம் தெரியத்தான் செய்யும்.

புள்ளி வைத்த பெயருக்கும் இதே கதை. `கணக்கு.இருப்பு = 900` என்பது கணக்கு என்ற அம்பை நகர்த்தாது; அந்த ஆப்ஜெக்டின் உள்ளே கை வைக்கும். அப்பெண்ட், சார்ட், பாப் போன்ற மெத்தட்களும் (ஆப்ஜெக்டோடு சேர்ந்து வரும் ஃபங்ஷன்கள்) லிஸ்டின் உள்ளே கை வைப்பவையே.

இப்போது ஒரு நுணுக்கமான ஜோடி.

```
>>> அ = [1, 2]
>>> ஆ = அ
>>> ஆ += [3]
>>> அ
[1, 2, 3]
>>> ஆ = ஆ + [4]
>>> அ
[1, 2, 3]
>>> ஆ
[1, 2, 3, 4]
```

`ஆ += [3]`, `ஆ = ஆ + [3]` இரண்டும் ஒன்றுதான் என்று பல பாடங்களில் சொல்வார்கள். எண்களுக்கு அப்படி எடுத்துக்கொண்டால் பாதகமில்லை. லிஸ்டுக்கு அது உண்மையல்ல. `+=` வந்தால் "முடிந்தால் உனக்குள்ளேயே சேர்த்துக்கொள்" என்று பைத்தான் முதலில் ஆப்ஜெக்டைக் கேட்கும். லிஸ்டால் அது முடியும், எனவே அதே லிஸ்ட் நீள்கிறது, அ வழியாகப் பார்த்தாலும் தெரிகிறது. `ஆ + [4]` என்பதோ எப்போதும் புதிய லிஸ்டைப் பெற்றெடுக்கும். ஆ-வின் அம்பு அங்கே போன பிறகு அ-வும் ஆ-வும் உறவு முறிந்தவை. தாளில் வரைந்து பார்த்தால்தான் இது பிடிபடும். தலைக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

## படி 4: மாறவே மாறாத ஆப்ஜெக்டுகள்

எண், சரம், டியூப்பிள் (வளைந்த அடைப்புக்குள் எழுதும், லிஸ்ட் போன்ற தொகுப்பு), ட்ரூ, ஃபால்ஸ் இவையெல்லாம் பிறந்த பிறகு மாறாதவை. 5 என்ற ஆப்ஜெக்டை 6 ஆக்க வழியே இல்லை. சரத்தைப் பெரிய எழுத்தாக்கும் மெத்தட்கூட புதிய சரத்தைத்தான் திருப்பித் தரும். அதை ஒரு பெயரில் பிடிக்காவிட்டால் போய்விடும்.

டப்பா என்ற தவறான படம் இவ்வளவு நாள் தாக்குப்பிடிப்பதும் இதனால்தான். எண்ணை இரண்டு பெயர்கள் பகிர்ந்துகொண்டாலும் யாராலும் அந்த எண்ணை மாற்ற முடியாது, எனவே பகிர்வது வெளியே தெரியாது. முதல் இரண்டு வாரம் எண்ணும் சரமும் வைத்துப் பழகுகிறவருக்கு டப்பா சரியாகவே வேலை செய்கிறது. லிஸ்ட் வரும் நாளில் உடைகிறது.

மாறாத டியூப்பிளுக்குள் மாறக்கூடிய லிஸ்ட் இருந்தால்?

```
>>> தொகுப்பு = ("கணிதம்", [72, 85])
>>> தொகுப்பு[1] += [90]
```

டைப்எரர் என்று பைத்தான் சத்தம் போடும். சரி, வேலை நடக்கவில்லை என்று நினைத்து தொகுப்பைப் பார்த்தால்:

```
>>> தொகுப்பு
('கணிதம்', [72, 85, 90])
```

பிழையும் வந்தது, 90-உம் சேர்ந்துவிட்டது. பைத்தான் கற்பிக்கிறவர்கள் விரும்பிக் கேட்கும் புதிர் இது. விடை படி 3-லேயே இருக்கிறது. `+=` முதலில் உள்ளே இருக்கும் லிஸ்டைப் பிடித்து 90-ஐச் சேர்க்கச் சொன்னது; லிஸ்ட் சேர்த்துக்கொண்டது. அடுத்து, கிடைத்த விடையை டியூப்பிளின் 1-ஆம் இடத்தில் திரும்ப வைக்கப் பார்த்தது, டியூப்பிள் மறுத்தது. டியூப்பிள் மாறாது என்றால் அதன் உள்ளிருந்து கிளம்பும் அம்புகள் நகராது என்று அர்த்தம். அம்பின் முனையில் இருக்கும் லிஸ்டுக்கு அது பொறுப்பல்ல.

## படி 5: ஒன்றுபோல் இருப்பதும் ஒன்றாகவே இருப்பதும்

`அ = [1, 2]`, `ஆ = [1, 2]` என்று தனித்தனியாக எழுதினால் வலப்பக்கத்தில் இரண்டு லிஸ்ட். `அ == ஆ` என்று கேட்டால் ட்ரூ; மதிப்பு ஒன்றுதான். இஸ் என்ற சொல்லால் கேட்டால் ஃபால்ஸ்; ஆப்ஜெக்ட் ஒன்றல்ல. `==` கேட்பது மதிப்பை, இஸ் கேட்பது அம்பின் முனையை. சந்தேகம் வந்தால் ஐடி என்ற ஃபங்ஷனுக்குள் பெயரைக் கொடுங்கள். ஆப்ஜெக்டின் அடையாளத்தை ஓர் எண்ணாகக் காட்டும். பைத்தானை ஓட்டப் பரவலாகப் பயன்படும் மென்பொருளான சிபைத்தானில் அது நினைவகத்தில் ஆப்ஜெக்ட் இருக்கும் முகவரி.

எண்களை இஸ் கொண்டு ஒப்பிடாதீர்கள். சிபைத்தான் -5 முதல் 256 வரையுள்ள எண்களை வேகத்துக்காக முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொள்வது வெகுகால வழக்கம். அதனால் அந்த எல்லை உள்ள பதிப்புகளின் ஷெல்லில் இரண்டு பெயர்களுக்கும் தனித்தனி வரியில் 256 கொடுத்து இஸ் கேட்டால் ட்ரூ, 257 கொடுத்துக் கேட்டால் ஃபால்ஸ் என்று வரும். இது மொழி தரும் வாக்குறுதி அல்ல, உள்ளே செய்துவைத்த ஒரு சிக்கனம். பதிப்புக்குப் பதிப்பு எல்லை மாறலாம். பைத்தான் 3.8-இலிருந்து நேரடி எண்ணோடு இஸ் எழுதினாலே எச்சரிக்கை வரும். ஜாவாவிலும் இதே கண்ணி உண்டு: -128 முதல் 127 வரையான இன்டிஜர் ஆப்ஜெக்டுகள் பகிரப்படும், எனவே அங்கே `==` 127 வரை சரியாக இருப்பதுபோல் காட்டிவிட்டு 128-இல் காலை வாரிவிடும். டெஸ்டில் சின்ன எண்களை மட்டும் கொடுத்துப் பார்த்தால் இந்தப் பிழை அகப்படாது.

இஸ் வேண்டிய இடம் பெரும்பாலும் ஒன்றே ஒன்று: மதிப்பு நன் தானா, அதாவது 'எதுவும் இல்லை' என்பதைக் குறிக்கும் `None` தானா என்று பார்க்கும்போது. பைத்தானில் நன் ஓர் உண்மையான ஆப்ஜெக்ட், உலகத்துக்கே ஒன்றுதான். ஜாவாவின் நல் அப்படியல்ல. அம்பு எங்கேயும் போகவில்லை என்பதே அதன் பொருள். ஆப்ஜெக்டே இல்லாத அம்பை 1965-இல் அல்கால் டபிள்யூ மொழியில் கொண்டுவந்த டோனி ஹோர், 2009-இல் அதைத் தன் நூறு கோடி டாலர் தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார்.

## படி 6: ஃபங்ஷனுக்குள் போவது எது

கூட்டு என்று ஒரு ஃபங்ஷன். அழைக்கும்போது கொடுப்பதை வாங்கிக்கொள்ளும் அதன் பாராமீட்டருக்கு 'பட்டியல்' என்று பெயர். உள்ளே ஒரே வரி: `பட்டியல் += [99]`. வெளியே `கூட்டு(மதிப்பெண்)` என்று அழைக்கிறோம். அழைத்த நொடியில் தாளின் இடப்பக்கம் பட்டியல் என்று புதுப் பெயர் ஒன்று முளைக்கிறது, அதன் அம்பு மதிப்பெண் காட்டும் அதே லிஸ்டுக்குப் போகிறது. அதாவது பாராமீட்டர் என்பது படி 2-இல் பார்த்த அதே சமக்குறி வேலைதான். எனவே ஃபங்ஷன் முடிந்த பிறகு மதிப்பெண்ணில் 99 இருக்கும்.

உள்ளே இருக்கும் வரியை `பட்டியல் = பட்டியல் + [99]` என்று மாற்றுங்கள். இப்போது வெளியே எதுவும் மாறாது. உள்ளிருக்கும் பெயரின் அம்பு புது லிஸ்டுக்குப் போனது. ஃபங்ஷன் முடிந்ததும் அந்தப் பெயரும் போனது.

இது 'கால் பை வேல்யூ'வா (மதிப்பின் நகலைக் கொடுப்பது), 'கால் பை ரெஃபரன்ஸ்'ஸா (மாறியையே கொடுப்பது) என்ற சண்டை ஓயாமல் நடக்கிறது. பைத்தானுக்கு இரண்டுமே சரியாகப் பொருந்தாது. எம்.ஐ.டி.யில் பார்பரா லிஸ்கோவும் குழுவினரும் 1970-களில் உருவாக்கிய சிஎல்யூ மொழிக்காக அவர்கள் வைத்த பெயர் 'கால் பை ஷேரிங்', அதாவது ஆப்ஜெக்டைப் பகிர்ந்துகொள்ளும் அழைப்பு. எனக்கு இதுவே பொருத்தமாகத் தெரிகிறது. ஆப்ஜெக்ட் பொது, பெயர் அவரவருக்கு.

இதே படியில் இன்னொரு பிரபலமான பள்ளம். பாராமீட்டருக்கு இயல்பு மதிப்பாக `பட்டியல்=[]` என்று எழுதினால், அந்தக் காலி லிஸ்ட் ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாகப் பிறப்பதில்லை. டெஃப் வரி ஓடும்போது ஒரே ஒரு முறை பிறந்து ஃபங்ஷனோடு ஒட்டிக்கொள்கிறது. முதல் அழைப்பில் சேர்த்தது இரண்டாவது அழைப்பிலும் இருக்கும். இயல்பு மதிப்பாக நன் கொடுத்துவிட்டு, உள்ளே வந்ததும் நன் என்றால் புதுக் காலி லிஸ்டை உருவாக்குங்கள்.

## படி 7: ஆப்ஜெக்டின் உள்ளேயும் அம்புகள்தான்

இதுவரை அம்புகள் தாளின் இடப்பக்கத்திலிருந்து கிளம்பின. வலப்பக்க ஆப்ஜெக்டின் உள்ளிருந்தும் அம்புகள் கிளம்பும். லிஸ்டின் ஒவ்வோர் இடமும் ஓர் அம்பு. நீங்கள் எழுதும் கிளாஸின் ஒவ்வொரு அட்ரிபியூட்டும் (புள்ளிக்குப் பின் வரும் பெயர்) ஓர் அம்பு.

பெயர், இருப்பு என்ற இரண்டு அட்ரிபியூட் உள்ள கணக்கு என்ற கிளாஸை எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

```
>>> முதல் = கணக்கு("மீனா", 500)
>>> மற்றது = முதல்
>>> மற்றது.இருப்பு = 900
>>> முதல்.இருப்பு
900
```

கணக்கு ஒன்றுதான், பெயர் இரண்டு. மெத்தடின் முதல் பாராமீட்டராக வரும் செல்ஃப்-உம் இப்படி இன்னொரு பெயரே, `முதல்.போடு(100)` என்று அழைத்தால் மெத்தட் ஓடும் நேரம்வரை செல்ஃப் அதே கணக்கைக் காட்டும். மெத்தடுக்குள் செல்ஃப்-க்கு வேறொரு கணக்கைச் சமக்குறியால் கொடுத்தால் மீனாவின் கணக்கு மாறிவிடாது. அம்பு நகரும், அவ்வளவுதான்.

அட்ரிபியூட்டைப் படிக்கும்போது பைத்தான் முதலில் ஆப்ஜெக்டுக்குள் தேடும், இல்லையென்றால் கிளாஸில் தேடும். எழுதும்போதோ பொதுவாக ஆப்ஜெக்டிலேயே எழுதும். கிளாஸின் உடம்பில் `வட்டி = 4` என்று வைத்துவிட்டு `முதல்.வட்டி = 5` என்றால் அந்த ஒரு கணக்குக்கு மட்டும் 5, மற்றவற்றுக்கு 4. இதே இடத்தில் `வரவுகள் = []` என்று ஒரு லிஸ்டை வைத்துவிட்டு மெத்தடில் அதற்கு அப்பெண்ட் செய்தால் எல்லாருடைய வரவும் ஒரே லிஸ்டில் சேரும். ஒவ்வொரு கணக்குக்கும் தனி லிஸ்ட் வேண்டும் என்றால், அது இனிட் மெத்தடுக்குள் செல்ஃப் வழியாகப் பிறக்க வேண்டும்.

விளையாட்டுப் பலகை எழுதுகிறவர்கள் தவறாமல் மாட்டுவது இதில்:

```
>>> பலகை = [[0] * 3] * 3
>>> பலகை[0][0] = 1
>>> பலகை
[[1, 0, 0], [1, 0, 0], [1, 0, 0]]
```

`* 3` வரிசையை மூன்றாகப் பெருக்கவில்லை. அம்பைப் பெருக்கியது. மூன்று அம்பும் ஒரே வரிசைக்குப் போகின்றன. `[[0] * 3, [0] * 3, [0] * 3]` என்று எழுதினால் மூன்று தனி வரிசைகள் பிறக்கும். பெரிய பலகைக்கு ஃபார் போட்டு ஒவ்வொரு வரிசையையும் தனியாக உருவாக்குங்கள். உள்ளே இருக்கும் `[0] * 3` ஏன் தொல்லை தரவில்லை என்றால், 0 மாறாத ஆப்ஜெக்ட்.

உண்மையிலேயே நகல் வேண்டுமென்றால் `மூலம்[:]` புதிய வெளி லிஸ்டைத் தரும். ஆனால் இது மேலோட்டமான நகல்.

```
>>> மூலம் = [[72, 85], [60, 64]]
>>> நகல் = மூலம்[:]
>>> நகல் += [[50, 55]]
>>> நகல்[0][0] = 100
>>> மூலம்
[[100, 85], [60, 64]]
```

வெளி லிஸ்ட் புதியது, அதனால் சேர்த்த `[50, 55]` மூலத்தில் இல்லை. உள் லிஸ்டுகள் பழையவை, அதனால் 100 தெரிகிறது. அம்புகளை நகலெடுத்தோம், அம்பு முனையில் இருந்ததை எடுக்கவில்லை. அடிவரை நகலெடுக்க காப்பி மாட்யூலில் டீப்காப்பி இருக்கிறது. எதை ஏற்கெனவே நகலெடுத்தோம் என்று அது குறித்து வைத்துக்கொள்வதால், ஆப்ஜெக்டுகள் ஒன்றையொன்று சுற்றிச்சுற்றிக் காட்டினாலும் மாட்டிக்கொள்ளாது. அதற்காக எல்லா இடத்திலும் டீப்காப்பி போட்டுவிடுவது நல்ல பழக்கம் அல்ல. எது பொதுவாக இருக்க வேண்டும், எது தனியாக இருக்க வேண்டும் என்று யோசித்து முடிவெடுப்பதுதான் வடிவமைப்பு. யோசிக்காமல் எல்லாவற்றையும் நகலெடுத்தால், பகிர வேண்டிய ஆப்ஜெக்டும் இரண்டாகிவிடும்.

## படி 8: ஆப்ஜெக்டுக்குத் தன் பெயர் தெரியாது

"இந்த ஆப்ஜெக்டின் மாறிப் பெயரை எப்படி எடுப்பது?" புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. தாளைப் பார்த்தாலே பதில் தெரியும். அம்பு பெயரிலிருந்து ஆப்ஜெக்டுக்குப் போகிறது, திரும்பி வருவதில்லை. ஓர் ஆப்ஜெக்டுக்கு மூன்று பெயர் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். லிஸ்டுக்குள் மட்டும் வாழும் ஆப்ஜெக்டுகள் அப்படித்தான். ஃபங்ஷனும் கிளாஸும் எழுதும்போது வைத்த பெயரை உள்ளே குறித்துக்கொள்ளும் என்பது உண்மை. அது பிறந்தபோது எழுதிய குறிப்பு மட்டுமே. பிறகு வேறு பெயரில் பிடித்தாலும் குறிப்பு மாறாது. ஆப்ஜெக்ட் தன்னை மீனா என்று அறிய வேண்டுமானால் அதை அட்ரிபியூட்டாகக் கொடுங்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் அதிகம் வரும் கேள்வி: "பயனர் எத்தனை மாணவரைச் சேர்க்கிறாரோ அத்தனை மாறியை, மாணவர்1, மாணவர்2 என்று, நிரல் ஓடும்போதே உருவாக்குவது எப்படி?" குறுக்கு வழிகள் இருக்கின்றன, அவற்றைத் தேடிப் போகாதீர்கள். மாறிப் பெயர் நிரல் எழுதுகிற உங்களுக்காக. நிரல் ஓடும்போது வந்து சேரும் தகவலுக்காக அல்ல. வருகிற தகவலுக்கு டிக்ஷனரி இருக்கிறது; ஒரு சாவியைக் கொடுத்தால் அதற்குரிய ஆப்ஜெக்டை அது தரும். மாணவர் என்ற கிளாஸை எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

```
>>> மாணவர்கள் = {}
>>> மாணவர்கள்["101"] = மாணவர்("மீனா")
>>> மாணவர்கள்["102"] = மாணவர்("அன்வர்")
```

மாறிப் பெயர் ஒன்றே ஒன்று. உள்ளே எத்தனை ஆப்ஜெக்ட் வேண்டுமானாலும் சேரலாம், எண்ணலாம், நீக்கலாம், வரிசையாக எடுத்துப் பார்க்கலாம். இன்னொரு பயனும் உண்டு: பயனர் எதை அடித்தாலும் உங்கள் நிரலின் மற்ற மாறிகள் மேல் அது ஏறி உட்காராது.

## படி 9: பெயர் போனால் ஆப்ஜெக்ட் போகுமா

டெல் கட்டளை ஆப்ஜெக்டை அழிப்பதாகப் பலர் நம்புகிறார்கள். அது அழிப்பது பெயரை. ஆப்ஜெக்டுக்கு வேறு அம்பு ஏதாவது இருந்தால் அது வாழும். சிபைத்தான் ஒவ்வொரு ஆப்ஜெக்டோடும் எத்தனை அம்பு வருகிறது என்ற எண்ணிக்கையை வைத்திருக்கிறது. எண்ணிக்கை பூஜ்யமானதும் நினைவகம் விடுவிக்கப்படும். `அ = []`, அடுத்து `அ += [அ]` என்று எழுதினால் லிஸ்ட் தன்னையே காட்டும்; ஷெல் அதை `[[...]]` என்று அச்சிடும். அ என்ற பெயர் போனாலும் உள் அம்பு இருப்பதால் எண்ணிக்கை பூஜ்யமாகாது. இப்படிப்பட்ட சுழற்சிகளைத் தேடிப் பிடிக்கத் தனிச் சேகரிப்பான் ஒன்று 2000-இல் வந்த பைத்தான் 2.0 முதல் இருக்கிறது.

## மற்ற மொழிகளில்

ஜாவாவில் இன்ட், பூலியன் போன்ற அடிப்படை வகைகளின் மாறி மதிப்பையே வைத்திருக்கும்; ஆப்ஜெக்டுகளுக்கு அம்பு. சரங்களை `==` கொண்டு ஒப்பிடாமல் ஈக்வல்ஸ் மெத்தடைப் பயன்படுத்தச் சொல்வது படி 5-இன் பாடம்தான். ஜாவாவின் ஃபைனல், ஜாவாஸ்கிரிப்டின் கான்ஸ்ட் இரண்டும் பூட்டுவது அம்பை மட்டும். கான்ஸ்ட் போட்ட அரேக்குள் தாராளமாக புஷ் செய்யலாம்.

சி++ தான் வேறு வழி. அங்கே மாறியே ஆப்ஜெக்ட். ஒரு வெக்டரை இன்னொன்றுக்குச் சமக்குறியால் கொடுத்தால் உறுப்புகள் எல்லாம் நகலாகும். பகிர வேண்டுமானால் ரெஃபரன்ஸ், பாயிண்டர் என்று நீங்களே கேட்டு வாங்க வேண்டும். சேய் கிளாஸின் ஆப்ஜெக்டைத் தாய் கிளாஸ் மாறிக்குக் கொடுத்தால் சேயின் கூடுதல் பகுதி வெட்டுப்பட்டுப் போவதும் இதனால்தான். சி++-இல் பாலிமார்ஃபிசம் (ஒரே அழைப்பு ஆப்ஜெக்டின் வகைக்கேற்ப வேறுவிதமாக நடப்பது) பாயிண்டர் அல்லது ரெஃபரன்ஸ் வழியாக நடப்பதன் காரணமும் இதுவே.

கிளாஸ், ஆப்ஜெக்ட் என்ற ஏற்பாடே தொடங்கிய சிமுலா 67 இந்த இரண்டையும் எழுத்திலேயே பிரித்துக் காட்டியது. ஆஸ்லோவில் நார்வே கணினி மையத்தில் ஓலே யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் வடிவமைத்த அந்த மொழியில், மதிப்பைக் கொடுக்க `:=`, அம்பை நகர்த்த `:-`. மதிப்பை ஒப்பிட `=`, ஆப்ஜெக்ட் ஒன்றேதானா என்று கேட்க `==`. பின்னால் வந்த மொழிகள் பெரும்பாலும் இரண்டு வேலைக்கும் ஒரே சமக்குறியை வைத்துக்கொண்டன. எழுதச் சுலபமானது, படிக்கிறவர் தலையில் ஒரு வேலை கூடியது. சிமுலாவின் முடிவு கற்கிறவருக்கு நேர்மையானது என்பது என் கருத்து.

## கடைசியாக ஒரு பயிற்சி

ஷெல்லில் அடிக்கும் முன் தாளில் வரைந்து விடை சொல்லுங்கள்.

```
>>> அ = [1, 2]
>>> ஆ = [அ, அ]
>>> அ = அ + [3]
>>> ஆ[0] += [4]
```

இப்போது அ என்ன, ஆ என்ன?

அ என்பது `[1, 2, 3]`. ஆ என்பது `[[1, 2, 4], [1, 2, 4]]`. உங்கள் தாளின் வலப்பக்கத்தில் இப்போது மூன்று லிஸ்ட் நிற்க வேண்டும்: அ காட்டும் புது லிஸ்ட், ஆ காட்டும் வெளி லிஸ்ட், அதன் உள்ளிருந்து இரண்டு அம்பு போய்ச் சேரும் பழைய லிஸ்ட். மூன்றாவது வரியோடு அந்தப் பழைய லிஸ்டுக்கு இடப்பக்கத்தில் பெயரே இல்லாமல் போனது. உள்ளே இரண்டு அம்பு இருப்பதால் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. விடை வேறாக வந்திருந்தால் மூன்றாவது வரியில் அ-வின் பழைய அம்பை அழித்தீர்களா என்று பாருங்கள்.